பெண்கள் வார்டில் என்னுடன் ஷிப்ரா மாஷி தங்க அனுமதி வேண்டி

அனுப்புநர்
ப. சாய்பிரியா (வயது 16),
த/பெ பன்னீர்செல்வம்,
பெஹாலா, கொல்கத்தா.

பெறுநர்
உயர்திரு ஜம்புநாதன் அவர்கள்,
கண்காணிப்பாளர்,
அரசு மருத்துவமனை, கொல்கத்தா.

பொருள்: சிகிச்சையின்போது பக்கத்து வீட்டுக்காரர் திருமதி ஷிப்ரா மண்டல் என்னுடன் தங்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழர் என்று அறிந்தோம். நேரில் பேச எனக்குக் கூச்சம். அதனால் அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. என் முதுகுத்தண்டில் ரத்தக்குழாய்கள் தவறாக இணைந்திருக்கின்றன. அதனால் கால்கள் பலமும் உணர்ச்சியும் இழந்து வருகின்றன. பள்ளியில் படியேற முடியாமல் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டேன். முதுகைத் திறக்காமலே, தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பசை போன்ற மருந்தால் அந்த இணைப்பை அடைக்கலாம் என்று தங்கள் மருத்துவர் கூறினார். போன பலம் திரும்புமென்று அவர் உறுதி சொல்லவில்லை. இருப்பதைக் காப்பாற்றலாம், தாமதிக்கக் கூடாது என்றார்.

2. இருமுறை தேதி கிடைத்தும் என்னைச் சேர்க்கவில்லை. உடன் தங்குபவர் நெருங்கிய உறவுள்ள பெண்ணாக இருக்க வேண்டுமாம். அம்மா உயிருடன் இல்லை. அப்பா சால்ட் லேக் பகுதியில் ஒரு மெஸ்ஸில் சமைக்கிறார். ஊரிலிருந்து வரக்கூடியவர் யாருமில்லை.

3. என்னைக் குளிப்பாட்டுவதும் கழிவறைக்குத் தூக்கிச் செல்வதும் ஷிப்ரா மாஷிதான். அம்மாவின் தங்கையா என்று செவிலியர் கேட்டார். வங்காளத்தில் மாஷி என்றால் அம்மாவுடன் பிறந்தவர்; ஆனால் இங்கே பக்கத்து வீட்டுக்காரரையும் அப்படியே அழைப்பார்கள்; ஆம் என்றிருந்தால் அதோடு விட்டிருப்பார். பொய் சொல்லக் கூடாதென்று அப்பா இல்லை என்றார். தமிழ்ப் பெண்ணுக்கு வங்காளி எப்படி உறவு என்று கேட்டார்கள். சிறு வயதிலிருந்து இவளைத் திட்டுகிறேன், உறவில்லாதவள் வாங்கிக்கொள்வாளா என்றார் மாஷி. செவிலியரும் சிரித்துவிட்டார். ஆனாலும் கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டது.

4. ஐயா, கழிவறைக் கதவை நானே உள்ளே தாழிட்டுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. துர்கா பூஜைக்கு மாஷி புதுச் செருப்பு வாங்கித் தந்தார். மாஷியைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தபோது அது கடித்தது எனக்குத் தெரியவில்லை. ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பூஜைப் பந்தல்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த எங்கள் தெருப் பெண்கள் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கும் அப்படி வலிக்க வேண்டும்.

ஆகவே, மாஷி என்னுடன் தங்கலாம் என்று எழுத்து மூலம் ஆணையிட்டு, அடுத்த தேதியிலாவது என்னைச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இடது கால் விரல்கள் இன்னும் அசைகின்றன. அவை அசையும்போதே எனக்கு ஒரு கட்டில் தாருங்கள்.

இடம்: கொல்கத்தா
நாள்: 04.11.2024

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்
ப. சாய்பிரியா