நீலக் கல் கிடைத்த இடம்

அன்புள்ள அத்தானுக்கு,

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. போன லீவில் நீங்கள் கிளம்பிய அன்று சண்டையில் பேசியதைப் பற்றி எழுத உட்காரவில்லை. கல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்களோடு பட்டாளத்தில் இருக்கும் மணிமுத்து கல்லூரிக்கே தேடி வந்து கொடுத்தார்.

"லடாக்குல எடுத்ததாம் மதினி. 'அவ கையில குடுத்துருலே'ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல."

இத்தனை மாதமாகப் போனை எடுக்காதவர் கல் அனுப்பியிருக்கிறாரே என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அதில் ஒரு துண்டை அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். திருப்பத் திருப்ப நீலம் ஊதாவாக மாறியது! நிலவியல் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேனே தவிர, இதை நான் கண்ணால் கண்டதில்லை. கடலடித் தரை ஒரு கண்டத்துக்கு அடியில் விறுவிறுவென்று இறங்கும்போது, நன்றாகச் சூடேறும் முன்பே அழுத்தத்தில் மாறிய பாறை இது. நம் குற்றால மலைப் பாறை அப்படியல்ல. கண்டங்கள் மோதியதில் ஆழத்துக்குப் போய், நெடுங்காலம் வெந்து மாறியது. அந்தச் சூட்டில் சிவப்புக் கார்னெட் மணிகள் விளையும், இந்த நீலம் தங்காது.

என் மாணவி ஜெயசித்ரா, "பாறையில உடைச்சதா மேடம், ஆத்துல உருண்டு வந்ததா?" என்று கேட்டாள். எடுத்த இடம் தெரியாவிட்டால் கல்லின் கதையில் பாதி போய்விடும்.

இடத்தை எழுத உங்களுக்கு அனுமதி இருக்காது. எழுத வேண்டாம். அடுத்த மாதம் லடாக்கின் லே நகர் வரைக்கும் டிக்கெட் போட்டுவிட்டேன். கூட்டிப்போய்க் காட்டினால் போதும், வேறெதுவும் பேச வேண்டாம்.

உங்கள் வீட்டுக்காரி