விரலுக்குக் கீழே அசையாத பட்டியல்

இன்று காலை ஒரு நாவலின் நடுவிலிருந்து நீ எழுதிய காகிதத் துண்டு விழுந்தது. விரலகலம்தான் இருக்கும். நீல மையில், உன் சரிந்த கையெழுத்தில், ‘மினூ’. உங்கள் பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்கார மதாமின் பூனைக்கும் அவருடைய வைஃபைக்கும் ஒரே பெயர். துண்டின் பின்பக்கத்தில் ஞாயிறு பூசை நேரம் பாதி அச்சாகியிருக்கிறது. அதைப் புத்தகத்துக்குள் வைத்ததையே மறந்திருந்தேன்.

நீ போய்ப் பத்து மாதமாகிறது. உன்னைப் பற்றி எழுத எனக்கு நல்லது மட்டுமே இருக்கிறது. அதைப் பொறாமையில்லாமல் எழுதத்தான் எனக்கு இன்னும் தெரியவில்லை.

நாம் இருவரும் ஒரே திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தோம். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில், பழைய தையல் தொழிற்சாலையொன்றின் மூன்றாம் மாடியில் ஒரு மென்பொருள் நிறுவனம். இருவருக்கும் ஆறு மாத ஒப்பந்தம். அதன் முடிவில் ஒருவருக்குத்தான் நிரந்தர இடம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். நீ அதைக் கேட்டுச் சிரித்தாய். நான் அன்றிலிருந்து உன்னை அளக்கத் தொடங்கினேன்.

எனக்குத் தந்த வேலை சின்னதாகத் தெரிந்தது. மடிக்கணினித் திரையின் மூலையில் அழுத்தினால், சுற்றியுள்ள வைஃபை வலைகளின் பட்டியல் விரிய வேண்டும். விரிந்திருக்கும்போதே சில வலைகள் புதிதாக வரும், சில மறையும், சிலவற்றின் சிக்னல் கூடும், குறையும். எல்லாவற்றையும் பட்டியல் உடனுக்குடன் காட்ட வேண்டும். நான்கு வாரம் உழைத்தேன். பலமான வலை மேலே, பலவீனமானது கீழே, சில விநாடிக்கொருமுறை புது வரிசை. நிலைமை மாறினால் பட்டியலும் மாறத்தானே வேண்டும் என்று நினைத்தேன். அந்தத் தடித்த செங்கல் சுவர்களுக்குள் மொத்தம் நான்கு வலைகள்தான் எட்டின. அவையும் அசையாமல் நின்றன. என் பட்டியல் அழகாக வேலை செய்தது.

நீ அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு மறுநாள் வந்து சொன்னாய்: “உன்ர லிஸ்ட் எங்கட வீட்டில தவளை மாதிரிப் பாயுது. சனிக்கிழமை வந்து பார்.”

நகரின் மறுகோடியில், லாசாலில், உங்கள் நான்கு மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு வலை இருந்தது. பட்டியலைத் திறந்தேன். இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு மேலும் கீழும் ஓடின. அப்போதுதான் உன் அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கிவிட்டு வந்து, வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“அப்பா, எங்கட வைஃபையை ஒருக்கா எடுங்கோ.”

அவர் அம்புக்குறியை மெதுவாகக் கொண்டுபோய் உங்கள் வலையின்மேல் நிறுத்தினார். அழுத்தும் கணத்தில் வரிசை மாறியது. மினூ. மறுபடியும் முயன்றார். மறுபடியும் மினூ. கடவுச்சொல்லும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டது.

“பிள்ளை, நான் மதாமின்ர வீட்டுக்குள்ள போயிட்டன் போல. எனக்கும் அந்தப் பூனைக்கும் என்னவோ பொருத்தம்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருக்க மாட்டாய். “கொஞ்சம் கெதியா அமத்தினால் சரி, அங்கிள்” என்றேன்.

நீ என்னைத் திருத்தவில்லை. மாதா கோயிலில் கொடுத்த பழைய ஞாயிறு பூசைத் தாள்களை எடுத்து நீளத் துண்டுகளாக வெட்டினாய். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வலையின் பெயரை எழுதி மேசையில் வரிசையாக அடுக்கினாய். “உங்கட வைஃபையைத் தொடுங்கோ அப்பா.” அவர் விரலை நீட்டினார். தொடப்போகும்போது நீ அந்தத் துண்டை இழுத்துவிட்டு மினூவை அங்கே தள்ளினாய். மூன்றாம் தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் தொடப்போக ஏனடி இழுக்கிறாய்?”

“நான் இழுக்கேல்லை, அப்பா. இவளின்ர லிஸ்ட்தான் இழுக்குது.”

எல்லோரும் சிரித்தோம். என் காது சுட்டது. நீ சிரித்துக்கொண்டே துண்டுகளைத் திரும்ப அடுக்கினாய். “புதுசா வாறது கீழ போய் நிக்கட்டும். போனது மங்கட்டும், ஆனால் இடத்தை விட்டு அசையக்கூடாது. மூடித் திறக்கேக்க வேணுமெண்டால் வரிசையை மாத்துவம்.”

விடாமல் கேட்டேன். “இல்லாத வலையை வச்சுக் காட்டுறது பொய்யில்லையோ?”

“இல்லையெண்டு மங்கலாச் சொல்லுதுதானே. ஆள் கை நீட்டேக்க இழுக்கிறதுதான் பொய்.”

தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டாய். நான் அதற்காகத் தடித்த புத்தகங்கள் படித்திருந்தேன், குறிப்பெடுத்திருந்தேன். நீயோ உன் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய், அவ்வளவுதான். அப்பாவோடு அப்படி விளையாட முடிகிற வீடுகூட எனக்கு இல்லை என்பதும் அன்று சேர்ந்து உறைத்தது. புறப்படும்போது மேசையிலிருந்து மினூவை ஏன் எடுத்துவந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எழுத்து எனக்கு வரும் என்பதால் வடிவமைப்பு ஆவணத்தை என்னையே எழுதச் சொன்னார் நம் குழுத்தலைவர். காகிதத் துண்டுகள், நீட்டிய விரல், மங்கிய வரி, எல்லாம் எழுதினேன். ஓரிடத்திலும் உன் பெயர் இல்லை. ‘ஒரு பயனாளருடன் செய்த சோதனை’ என்று மட்டும் இருந்தது. கூட்டத்தில் அவர் அந்தப் பக்கங்களை உயர்த்திப் பிடித்து என்னைப் பாராட்டினார். எதிரே நீ ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தாய். நீ வாய் திறப்பாய் என்று காத்திருந்தேன். நீ பழத்தைத்தான் பார்த்தாய்.

பிறகு நடைவழியில் பாதிப் பழத்தை என் கையில் வைத்தாய். “நல்லா எழுதியிருக்கிறாய். என்ர தலைக்குள்ளகூட இவ்வளவு வடிவா இருக்கேல்லை.” கொஞ்சத் தூரம் போய்த் திரும்பி, “அப்பாவின்ர பேரையாவது போட்டிருக்கலாமடி” என்று சிரித்தாய்.

நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. நீ வேறொரு சின்ன நிறுவனத்துக்குப் போனாய். அதன்பிறகு நியாயமாக நீதான் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். ஆனால் நீ வாரந்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டாய். நான் மூன்றில் ஒன்றை எடுத்தேன்.

நோய் முற்றி நீ மருத்துவமனையில் கிடந்தபோது, உன்னைப் பார்க்க வந்த நாளில், கட்டிலில் சாய்ந்தபடி உன் கணினியில் பட்டியலைத் திறந்து காட்டினாய். “பார், ஒண்டும் பாயேல்லை.” ஊசி போட வந்த தாதி எட்டிப்பார்த்து, தன் வீட்டுக் கணினியிலும் இது வந்ததிலிருந்து தொல்லையில்லை என்றாள். நீ மூச்சு வாங்கிக்கொண்டு பிரெஞ்சில் சொன்னாய்: “என் சிநேகிதி செய்தது.”

நான் மறுக்காமல் தாதியிடம் “மெர்சி” என்று நன்றி சொன்னேன்.

அந்த ஒரு சொல்லை இத்தனை மாதமாகத் தூக்கித் திரிகிறேன். சாகக் கிடக்கும்போதும் உன்னால் அப்படிக் கொடுக்க முடிந்ததே என்று அங்கேயே, உன் கட்டிலருகே நின்று பொறாமைப்பட்டேன்.

இன்று பின்னேரம் துண்டை எடுத்துக்கொண்டு லாசாலுக்குப் போனேன். உன் அப்பா கதவைத் திறந்தார். “வாரும் பிள்ளை, இரும்.” அதே மேசை. துண்டை வைத்தேன். சொல்ல நினைத்ததை வழியெல்லாம் நல்ல வாக்கியங்களாக அடுக்கிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது இதுதான்.

“அங்கிள், அந்த லிஸ்ட் நான் செய்யேல்லை. அவள்தான் செய்தவள்.”

அவர் துண்டைத் திருப்பிப் பூசை நேரத்தைப் பார்த்தார். “தெரியும் பிள்ளை. அண்டைக்கு நீட்டினது என்ர விரல்தானே.”

“பேந்து ஏன் ஒருநாளும் கேக்கேல்லை?”

“அவள்தான் கேக்க வேண்டாமெண்டவள். நீர் ஒருநாள் வந்து சொல்லுவீரெண்டு சொன்னவள். கொஞ்சம் சுணங்குமாம்.”

அவர் துண்டை என் பக்கம் நகர்த்தினார். “நீரே வச்சிரும். பூனை இப்பவும் இருக்கு, கிழமையில ரெண்டு நாள் வந்து கதவைச் சுரண்டும்.” பிறகு தேநீர் போட எழுந்து போனார்.

பார், இதிலும் நீயே முந்திவிட்டாய். என்னை நான் அறிந்ததைவிட நீ அறிந்திருக்கிறாய். பஸ்ஸில் வரும்போது அழுகையோடு சேர்ந்து அந்தப் பழைய எரிச்சலும் வந்தது. அதை இனி விரட்டப் போவதில்லை. இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

திங்கட்கிழமை அந்த ஆவணத்தைத் திறக்கிறேன். முதல் பக்கத்தில் உன் பெயர். அதற்கடுத்த வரியில், நீ கேட்டபடி, அப்பாவின் பெயர்.