உன் அப்பாவிடம் நான் வாங்கிய கையெழுத்து

சென்னை
19-3-1979, பங்குனி 5

அன்பு மகள் ராஜாத்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் ஈப்போவில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம்ம திருத்துறைப்பூண்டி பிறவி மருந்தீசர் துணையிருக்கட்டும். இங்கே அனைவரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது, இந்தத் தடவை அப்படி எழுத வரவில்லை. மேலே சென்னை என்று போட்டிருப்பதைப் பார்த்ததுமே, இங்கே எதற்கு வந்தோம் என்று நீ கேட்பாய். உன் அப்பாவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி இன்றோடு இரண்டு நாள். உயிருக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, கண்ணுக்குத்தான் என்ன ஆகும் என்று தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதான் கட்டு அவிழ்ப்பார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அது தெரிந்துபோயிருக்கும், ஆனாலும் எழுதுகிறேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், அதைப் பெற்ற பெண்ணிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

இடது கண்ணில் கதிர் குத்திப் பூ விழுந்தது உனக்குத் தெரியும், நீ அப்போது பாவாடை கட்டிக்கொண்டு திரிந்தாய். அதிலிருந்து வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் உழவும் நடவும் தாலுகா கச்சேரியும் என்று அலைந்தார். தை அறுப்பில் நிலத்துக்குச் சொந்தக்காரப் பண்ணையின் ஆட்கள் வந்து மறித்தார்கள், தள்ளுமுள்ளு ஆனது, யாரோ பிடித்துத் தள்ளியதில் நெற்றிப்பொட்டு வரப்பில் மோத விழுந்தார். அப்போது ஒன்றும் தெரியவில்லை. மாசி பிறந்ததும் கண்ணுக்குள்ளே கொசு பறக்கிறது, கண்ணை மூடினால் மின்னல் வெட்டுகிறது என்றார். நான் பெரிய வைத்தியச்சி இல்லையா, பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு கொடுத்தேன், நந்தியாவட்டைப் பூவை ஒத்தி எடுத்தேன். பிறகு வரப்பில் நடக்கும்போது தடுக்கித் தடுக்கி விழ ஆரம்பித்தார். ஆள் முகம் தெரியுது, கால் தெரியல, கீழேருந்து கருப்பா ஒண்ணு ஏறி வருது என்று அவர் சொல்ல, எங்க போயி ஊத்திக்கிட்டு வந்தீங்க என்று நாலு பேர் முன்னால் கேட்டேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

தஞ்சாவூர் டாக்டர் பார்த்ததும் விழித்திரை உரிந்திருக்கிறது, இங்கே ஆகாது, இன்றைக்கே சென்னைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தார். இந்த ஆஸ்பத்திரியில் விழித்திரைக்கென்றே படித்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், நம்ம மாப்பிள்ளை வயசுதான் இருக்கும், பொறுமைசாலி. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை அகல விரிய வைத்தார்கள். படுக்க வைத்து, டாக்டர் தலையில் ஒரு விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் தடிப்பான கண்ணாடிச் சில்லு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மேலே பாருங்க, காதுப்பக்கம் பாருங்க, மூக்கைப் பாருங்க என்று அரைமணி நேரம் பார்த்தார். இமைமேல் ஒரு சின்னக் கம்பியால் அழுத்தி அழுத்தி ஓரமெல்லாம் தேடினார். உன் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். பார்த்ததையெல்லாம் டாக்டர் ஒரு வட்டம் போட்டுப் படமாக வரைந்தார், ஒட்டியிருக்கிற இடம் சிவப்பு, உரிந்த இடம் நீலம், மேல்பக்கம் குதிரை லாடம் மாதிரி ஒரு கிழிசல். விழித்திரை என்பது கண்ணுக்குள்ளே பின்சுவரில் ஒட்டியிருக்கிற மெல்லிய ஜவ்வாம், அந்தக் கிழிசல் வழியாகக் கண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் பின்னால் இறங்கி ஜவ்வை உரித்துக்கொண்டே வருகிறதாம். மேலே கிழிந்தால் கீழே ஏன் தெரியாமல் போகிறது என்று நான் கேட்டதற்கு, கண்ணுக்குள்ளே படம் தலைகீழாகத்தான் விழும் என்றார். உன் அப்பா உடனே, வரப்புல நண்டு வளை விழுந்த கதைதானே தம்பி, வளையைக் கண்டுபிடிச்சு அடைச்சு, வெளியிலேருந்து மண்ணு அணைச்சு மிதிக்கணும், அவ்வளவுதானே என்றார். டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் ஐயா, கிழிசலைச் சுத்திக் குளிரால உறைய வச்சு ஒட்டுப்போட வைப்போம், வெளியிலேருந்து ஒரு ரப்பர் பட்டையை வச்சுத் தைச்சுச் சுவரை உள்ளே அழுத்துவோம், பின்னால நிக்கிற தண்ணியை வடிப்போம் என்றார். நடுவில் ஒரு புள்ளியைக் காட்டி, எழுத்துப் படிக்கிறது, முகம் பார்க்கிறது எல்லாம் இந்த இடம்தாம்மா, இது இன்னும் உரியல, உரிஞ்சுட்டா அப்புறம் ஒட்டினாலும் பழைய பார்வை வராது என்றார். நீலம் அந்தப் புள்ளிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது.

இவ்வளவும் சரியாகத்தான் நடந்தது. இரண்டு கண்ணுக்கும் கட்டுப் போட்டு, தண்ணீர் அசையாமல் படிய வேண்டும், தலையைத் திருப்பக் கூடாது என்று படுக்க வைத்தார்கள். அப்புறம் நர்ஸ் சாவித்திரி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தாள், கும்பகோணத்துப் பெண், நல்ல மாதிரி. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றாள். கண்ணைக் கட்டியிருக்கிறதே, நீ படி என்று உன் அப்பா என்னிடம் சொன்னார். நானும் எட்டாவது படித்த மிதப்பில் கணீரென்று படித்தேன். வீரையன் ஆகிய நான் என் முழு சம்மதத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், இதன் விளைவு எதுவானாலும் எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று வந்ததோ இல்லையோ, அசையக் கூடாத மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இதே வார்த்தைடி, வார்த்தை மாறாம இதேதான் என்று கத்தினார்.

உனக்கு இந்த விவரம் முழுதாக எழுதியதில்லை, தூரத்தில் இருக்கிற பெண்ணுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். போன வருஷம் பண்ணையின் கணக்கு வழக்குப் பார்க்கும் கார்வாரி நடராசன் களத்துக்கு வந்து, சொசைட்டியில் உரம் வாங்க மனு, எல்லாக் குத்தகைக்காரரும் போட்டாச்சு என்று சொல்லி ஒரு காகிதத்தை உரக்கப் படித்துக் காட்டினான். போரடி மும்முரம், இவரும் அவன் படித்ததை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அது குத்தகை நிலத்தை விட்டுக்கொடுத்ததாக எழுதின காகிதம். முழு சம்மதத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், யாதொரு ஆட்சேபணையும் இல்லை என்று அதில் இருந்தது. அதைக் காட்டித்தான் பதிவேட்டிலிருந்து இவர் பெயரை அடித்தார்கள், அதை வைத்துத்தான் அறுப்பை மறித்தார்கள். உழுகிறவனுக்கு நிலத்தில் உரிமை என்று சர்க்காரே சட்டம் போட்டிருக்கிறது, மேடையில் பேசாதவர்கள் இல்லை, ஆனால் ஒரு கையெழுத்து எல்லாவற்றையும் தின்றுவிட்டது. அன்றிலிருந்து தானே எழுத்துக் கூட்டிப் படிக்காத எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறார், ரேஷன் கார்டுக்குக்கூடப் போடவில்லை.

டாக்டர் வந்தார். உன் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, வாயால சொல்றேன் தம்பி, இந்த வார்டுல இருக்கிற நூறு பேரு கேக்கச் சொல்றேன், என்ன வேணா பண்ணுங்க, கையெழுத்து மட்டும் கேக்காதீங்க என்றார். நான் போடுகிறேன் என்றேன். அறிவு தெளிவா இருக்கிறவருக்குப் பதிலா நீங்க போட முடியாதும்மா, அதுவும் இருக்கிறது ஒத்தைக் கண்ணு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. அழுதேன், ஏசினேன், இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்தேன். கண்ணு போனா குருடனா உக்காந்துக்கிறேன், இன்னொரு தடவை ஏமாந்தவன்னு பேரு வாங்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பக் கூடாத தலை அம்மா அது. மூன்றாம் நாள் டாக்டர் கட்டைத் தூக்கி விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். நூலளவுதான் பாக்கி, நாளைக்குக் காலையில டேபிள்ல ஏத்தலைன்னா நான் செய்யறதுல அர்த்தமில்ல என்றார். ஊரில் உன் தம்பி தியாகராசன் நிலத்தை விட்டு நகர முடியாது, உனக்கோ தந்தி அடித்து என்ன ஆகப் போகிறது. நான் அந்தச் சம்மதக் காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

நம்ம ஊர் ஜவுளிக்கடை சேக் தாவூது சரக்கெடுக்க வந்திருக்கிறார், வக்கீல் எழுதின மனுவைத் தியாகராசன் அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறான், தாசில்தாருக்கு உடனே போக வேண்டுமாம் என்று சொன்னேன். படி என்றார். அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, சமூகம் தாசில்தார் அவர்களுக்கு வீரையன் எழுதிக்கொண்ட மனு என்று ஆரம்பித்தேன். முப்பது வருஷமாகச் சாகுபடி செய்துவரும் ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர் நிலம், மோசடியாக வாங்கிய கையெழுத்து, பதிவேட்டில் என் பெயரை மறுபடி சேர்க்க வேண்டும் என்று வாயில் வந்ததையெல்லாம் படித்தேன். எல்லை சொல்லும்போது கிழக்கே மூங்கில் கொல்லை என்றேன். மூங்கில் கொல்லை தெற்கேல்ல இருக்கு, கிழக்கே பள்ளிவாசல் நிலம், வக்கீல் தப்பாப் போட்டிருக்கான், திருத்து என்றார். மூடின பேனாவால் காகிதத்தில் கீறிச் சத்தம் காட்டினேன். கடைசியில், முழு சம்மதம்னு எங்கயாச்சும் இருக்கா, நல்லாப் பாரு என்று கேட்டார். நான் அந்த வார்த்தையைப் பார்த்துக்கொண்டேதான் இல்லை என்று சொன்னேன். விரலைப் பிடித்து இடத்தைக் காட்டினேன், ஒரு எழுத்தின்மேல் இன்னொரு எழுத்து ஏறிக்கொள்ளப் போட்டார். சாவித்திரி பக்கத்துக் கட்டிலில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். வந்து காகிதத்தை வாங்கிக்கொண்டு போனாள், அவள் கண் கலங்கியிருந்தது.

அதற்கப்புறம் ஒரு பொய்க்கு ஒன்பது பொய். கையெழுத்து இல்லாமலே செய்ய டாக்டர் மனம் இறங்கிவிட்டார் என்று சொன்னேன். நம்பிவிட்டார். கடைசியில மனுசனை மனுசன் நம்பினான் பாரு என்று சந்தோஷப்பட்டு, வண்டியில் தள்ளிக்கொண்டு போகும்போது டாக்டர் இருக்கும் பக்கம் தெரியாமல் வேறு பக்கம் பார்த்துக் கும்பிட்டார். என் கையை விடும்போது, நீ படிச்சதாலதான் போட்டேன், வேற எவன் படிச்சாலும் போட்டிருக்க மாட்டேன் என்றார். எந்தப் பாவிக்கும் அந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்கிற கதி வரக் கூடாது. மூன்று மணி நேரம் ஆனது. டாக்டர் வந்து, வளையை அடைச்சாச்சும்மா, பட்டையும் தைச்சாச்சு, ஜவ்வு ஒட்டிடுச்சு, ஆனா அந்த நடுப்புள்ளியோட ஓரம் லேசாத் தூக்கியிருந்தது, பார்வை எவ்வளவு வரும்னு இப்பச் சொல்ல முடியாது என்றார். அவர் கையெழுத்துப் போடாமல் கிடந்த அந்த மூன்று நாளில்தான் அது தூக்கியிருக்கிறது. பொய் சொல்லிவிட்டேனே என்று ஒரு பக்கம் வேகிறது, சொல்வதென்று ஆன பிறகு முதல் நாளே சொல்லாமல் போனேனே பாவி என்று மறுபக்கம் வேகிறது. எதற்கு அழுவது என்றே தெரியவில்லை.

கட்டுக்குள்ளிருந்து தினமும், மனு தாலுகா கச்சேரிக்குப் போயிடுச்சா என்று கேட்கிறார். நான் படித்ததை ஞாபகம் இருக்கிற வரையில் எழுதி, வக்கீலிடம் கொடுத்து நிஜமான மனுவாகத் தயார் செய் என்று தியாகராசனுக்கு அனுப்பியிருக்கிறேன், பள்ளிவாசல் நிலம் கிழக்கே என்பதையும் சேர்த்து. ஆனால் அதில் அவர் கையெழுத்து வேண்டுமே. இனி என் வார்த்தைக்குப் போடுவாரா. வெள்ளிக்கிழமை கட்டு அவிழ்த்ததும் எழுத்துப் பலகை காட்டுவார்களாம். அதெல்லாம் அப்புறம், முதல்ல என் மனுவோட நகலைக் காட்டுங்க, அதைத்தான் படிப்பேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். நான் முடிவு செய்துவிட்டேன் ராஜாத்தி. அந்த ஆஸ்பத்திரிக் காகிதத்தையே கொஞ்ச நேரம் தரச் சொல்லி சாவித்திரியிடம் கேட்டிருக்கிறேன், அதைத்தான் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும், முழு சம்மதம் என்கிற இடத்தில் நின்று என்னை நிமிர்ந்து பார்க்க வேண்டும், நடராசனும் நீயும் ஒண்ணுதான்டி என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்க என் காது காத்திருக்கிறது. படிக்க முடியாமல் போய்விட்டால், ஆயுசு முழுக்க நான்தான் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவரும் என்னை நம்பிக் கேட்டுக்கொண்டிருப்பார். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

கிளம்பி வருகிறேன் என்று நிற்காதே, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அலைய வேண்டாம். மாப்பிள்ளைக்கும் உன் மாமியாருக்கும் என் வணக்கத்தைச் சொல், பேரனுக்கு ஆயிரம் முத்தம். தீர்க்க சுமங்கலியாக, குறைவில்லாமல் நீ இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்த ஜவ்வு மெலிவது அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் இருக்கலாம், அதுவும் கிட்டப் பார்வைக்குக் கண்ணாடி போட்டவர்கள் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொன்னார், நீ பத்தாவதிலிருந்து கண்ணாடி போடுகிறவள். கொசு பறந்தாலும் மின்னல் வெட்டினாலும் என்னை மாதிரி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டு உட்காராமல் அன்றைக்கே போ, ஒன்றும் இல்லாவிட்டாலும் ஒரு தடவை சொட்டு மருந்து விட்டுப் பார்த்துக்கொள். அங்கேயும் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். சொட்டு மருந்து விட்டால் எழுத்து மங்கிவிடும், அதற்கு முன்னால் வாங்கி நீயே படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு. வேறு யார் படித்துக் காட்டினாலும் போடாதே அம்மா, நானே பக்கத்தில் இருந்து படித்துக் காட்டினாலும் போடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
வீ. ஆனந்தவல்லி