மாலத்தீவுக்காக ஒரு மணி நேரம்

4 மார்ச் 1979, ஞாயிறு

காலையில் பனி. ரயில் கூவியது, கண்ணுக்குத் தெரியவில்லை. கோயிலுக்குச் சலவைச் சட்டை. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

லெந்து நோன்பு நாட்களில் இந்த வருஷம் சபையாக ஜெபிக்க வேண்டிய தேசம் மாலத்தீவு. போதகர் தேசப்படத்தை விரித்து, எங்கே என்று கேட்டார். ஒருத்தருக்கும் அகப்படவில்லை. நான் ஒரே பார்வையில் விரலை வைத்தேன். அது இலங்கை என்றார். பக்கத்தில்தான் இருந்தது.

அங்கே எல்லாரும் முஸ்லிம்களாம். கோயில் கிடையாது. விசுவாசிகள் சிலர் இருப்பதாகக் கேள்வி. வெளியே சொல்ல முடியாது, கூடவும் முடியாது. அவனவன் வீட்டில், கதவுக்குப் பின்னால், தனியாக. பெண்கள் பக்கம் உச்சுக்கொட்டினார்கள். எனக்கு என்னவோ செய்தது. காலையில் வெறும் வயிறு.

18ஆம் தேதி சங்கிலி ஜெபம். வீட்டுக்கு ஒரு மணி நேரம். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் அந்த வீட்டுக்கே வந்து கூட மண்டியிட வேண்டும். அவர் வந்த பிறகுதான் முந்தினவர் ஆமென் சொல்லலாம். நடுவில் அறுபடக் கூடாது.

லில்லி டீச்சர் பேர்களைத் தெரு வரிசைப்படி வாசித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான். எனக்கு அடுத்து சாமுவேல்.

சாமுவேல், என் பெண்டாட்டி எஸ்தருடைய தம்பி. அவளை அடக்கம் பண்ணின அன்றைக்கு, நான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரி வரை ஓடியதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லார் எதிரிலும், "மாட்டு வண்டியிலதான் இட்டுனு போனோம், மாமா சும்மா சொல்லுது" என்றான். நானும் ஒரு வார்த்தை விட்டேன். அதிலிருந்து என் வாசல் மிதிக்கவில்லை. ரெண்டு வருஷம். வீட்டு ஜெபக்கூட்டமும் என் வீட்டைத் தாண்டிப் போய்விடும். பொம்பளை இல்லாத வீடு, டீ யார் போடுவது என்று பேச்சு. என் டீயை ஒரு கலெக்டர் குடித்துவிட்டுப் புகழ்ந்திருக்கிறார்.

18ஆம் தேதி அவன் உள்ளே வந்துதான் ஆக வேண்டும்.

9, வெள்ளி

கம்பெனியில் பாய்லர் மூன்று மணி நேரம் நின்றுபோச்சு. நான் கை வைத்ததும் ஓடியது. (ஃபிட்டரும் கூட இருந்தார்.)

கேட் எதிரில் டீக்கடை. அங்கே டீ குடிக்க வந்த பழவேற்காட்டுக் காதர் பாயிடம் விசாரித்தேன். மாலத்தீவில் இன்னா சாப்பிடுவாங்க, எப்படி இருப்பாங்க.

"யோவ், நான் இங்க கீற தடா ஊரையே தாண்டினதில்ல. என்னாண்ட கேக்கிற."

"உங்க ஆளுங்கதானே பாய்."

"அப்ப லண்டன்ல ராணி இன்னா நாஷ்டா துன்னாங்க? உங்க ஆளுதானே, சொல்லு."

நல்ல சிரிப்பு. ராணிக்கு முட்டையும் ரொட்டியும் என்று சொல்லி வைத்தேன். காசு அவரே கொடுத்தார்.

ராத்திரி ரசம். மீதி.

17, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. வாங்கியது: பிஸ்கட் ஒரு பாக்கெட், ஊதுவத்தி வேண்டாம் என்று வைத்துவிட்டேன், சர்க்கரை, புதுப் பாய் ஒன்று. பழைய பாயில் ஒரு ஆள்தான் மண்டியிடலாம்.

வீடு கூட்டியாச்சு. எஸ்தருடைய தகரப் பெட்டியை நகர்த்தினேன், அடியில் அவளுடைய கொண்டை ஊசி. அங்கேயே வைத்துவிட்டேன்.

எதிர் வீட்டம்மா: "இன்னாண்ணா, பொண்ணு பாக்க வராங்களா?"

ஊரே வருது என்றேன்.

18, ஞாயிறு

உட்கார்ந்து எழுத முடியவில்லை, முட்டி வீங்கிப் போச்சு. இருந்தாலும் எழுத வேண்டும்.

எனக்கு முந்தின வீட்டுக்குப் போய் மண்டியிட்டு, ஜெபத்தை ஏற்றுக்கொண்டு, முணுமுணுத்தபடியே வீடு வந்தேன். கதவைச் சாத்தினேன். உரக்க ஆரம்பித்தேன். என் குரல் கோயில் மணி மாதிரி, போதகரே சொல்லியிருக்கிறார். அந்தத் தேசத்து ராஜா, மந்திரி, மீன்பிடிக்கிறவர்கள், தென்னை மரம், நல்ல தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஜெபித்தேன். ஒரு மணி நேரம் ஆனது. தட்டல் இல்லை.

ஆமென் சொன்னால் அறுந்துவிடும். சொல்லவில்லை.

மேற்கொண்டு எதற்கு ஜெபிப்பது, அந்த ஊரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. மனசில் ஓர் ஆளை வைத்துக்கொண்டேன். என் வயசு. படகு ஓட்டுகிறவன். பெண்டாட்டி செத்துப்போனாள். அவளும் விசுவாசி, இருந்தவரை ரெண்டு பேராக ஜெபித்தார்கள். இப்போது இவன் மட்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள், மீன் கொடுப்பார்கள், ஆனால் இதைச் சொல்ல முடியாது. சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகப் பாடுவான். அவள் எடுத்துப் பாடுகிற அடியில் நிறுத்திக்கொள்வான். ஆண்டவரே, அவன் கதவைத் தட்ட ஒருத்தனை அனுப்பும் என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். குரல் கம்மிப்போச்சு. ஜன்னல் வெயில் சுவர் ஏறிவிட்டது. சாமுவேல் வர மாட்டான் என்று தெரிந்துவிட்டது. நிறுத்த மட்டும் முடியவில்லை.

கால் மரத்து, பெட்டி மேல் சாய்ந்துவிட்டேன். தடால் சத்தம். கதவு திறந்தது.

"மாமா, இன்னா ஆச்சு?"

சாமுவேல். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இப்பதான் வரியா?"

"எப்பவோ வந்துட்டேன். வாசல்லயே குந்தினு கீறேன். நீ நிறுத்தினாத்தானே தட்டுறதுக்கு."

"நீ தட்டினாத்தானேடா நான் நிறுத்தறது."

"ஜெபத்துக்குக் குறுக்க போவக்கூடாதுன்னு அம்மா சொல்லும். ஆமென் வரட்டும், ஆமென் வரட்டும்னு பாத்தா, நீ உடற மாரி தெர்ல. எனக்கு அடுத்த ஊட்டு ஆளு ரெண்டு தபா தேடினு வந்துட்டான். போடா, மாமா இன்னும் முடிக்கலன்னு அனுப்பிட்டேன்."

கையைப் பிடித்து உட்கார வைத்தான். தண்ணீர் மொண்டு வந்தான். செம்பு எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"மாமா, அந்தப் படகு ஓட்றவன். நெஜமா அப்படி ஒருத்தன் கீறானா, இல்ல நீயா சொன்னியா?"

வாய் வரைக்கும் வந்தது. மெட்ராஸ் ஹார்பரில் பார்த்தேன், பேர்கூடச் சொன்னான் என்று. பேரும் தயாராக இருந்தது.

"தெரியாதுடா" என்றேன். "இருந்தா?"

அவன் என்னையே பார்த்தான். அப்புறம் எழுந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, புதுப் பாயில் மண்டியிட்டான். முறைப்படி நான் ஆமென் சொல்லி எழுந்துகொள்ள வேண்டிய இடம். சொல்லவில்லை.