ஜெனியின் ரெகுலேட்டர்

செப்டம்பர் 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். மின்விசிறி போட்டால் பட்டு இழை பறக்கிறது, போடாவிட்டால் தறியில் உட்கார முடியவில்லை. அரக்குப் புடவைக்கு முந்தானை பாக்கி. எண்ணெய், புளி வாங்கணும்.

இவருக்கு வெள்ளிக்கிழமை வேலை. கூரம் பக்கத்து ஏரியில் மதகுக் கதவுக்கு அடியில் கல் சிக்கி, மூடவில்லையாம். மழைக்கு முன்னால் முங்கி எடுக்கணும். துணைக்குப் புது ஆள், ஜெனி. ஐயம்பேட்டைப் பெண். நீச்சலில் மெடல் வாங்கினவளாம். சோறு போடும்போதே இரண்டு தடவை சொல்லிவிட்டார், மெடல் மெடல் என்று.

செப். 9, செவ்வாய்

ஜெ. வந்தாள், தன் சாமான்களோடு. என்னைவிட உயரம். பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். இவரை அண்ணா என்றாள். அப்படிக் கூப்பிட்டுவிட்டால் ஆயிற்றா? டீ போட்டேன். சர்க்கரை கொஞ்சம் கம்மியாக.

சாமான்களை வைத்துவிட்டு அவள் போனபின் இவர் முற்றத்தில் கசிவு பார்த்தார். துணி ஊற வைக்கிற நீல டப்பில் தண்ணீர். தண்ணீருக்கு அடியில் மூச்சு விட வாயில் கடித்துக்கொள்கிற ரெகுலேட்டரை, தன்னுடையதும் அவளுடையதும், சிலிண்டரில் மாட்டிக் காற்றைத் திறந்து முக்கினார். குமிழி வந்தால் கசிவு. இரண்டிலும் வரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். காற்றை மூடிவிட்டு, அதன் ரப்பரை வாயில் வைத்து உறிஞ்சினார். முதலில் தன்னுடையது. அப்புறம் அவளுடையது.

என்ன இது என்று கேட்டேன்.

"காத்து வரக்கூடாதும்மா. இப்ப காத்து வந்துச்சுன்னா, உள்ள போனா தண்ணி வரும்."

கல்யாணமாகி ஆறு வருஷம். என் டம்ளரில் ஒரு நாள் வாய் வைத்ததில்லை. சொம்பைத் தூக்கி அண்ணாந்துதான் குடிப்பார். நான் கடித்த கொய்யாவைக் கொடுத்தால், கடித்த பக்கத்தைக் கத்தியால் சீவிவிட்டுத்தான் தின்பார். சின்ன வயதிலிருந்தே அப்படி என்று மாமியார் சொல்லியிருக்கிறார், நானும் நம்பினேன்.

அவள் வாய் வைத்தது மட்டும் இனிக்கிறதா.

செப். 10, புதன்

முந்தானை பாதி. மூன்று இடத்தில் இழை அறுந்தது. கை இங்கே, புத்தி வேறெங்கோ.

இரண்டு ரெகுலேட்டரும் முற்றத்துக் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காய்கின்றன. போகும்போதும் வரும்போதும் கண்ணில் படுகிறது. பொறாமைதான், வேறென்ன. அவளுடையதை மட்டும் எடுத்து வந்து தறிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். இப்போது கொஞ்சம் தேவலை.

இவர் கவனிக்கவில்லை. நான் தலைக்குக் குளித்ததையும் கவனிக்கவில்லை.

செப். 11, வியாழன்

மாலை தூறல். புளி மறுபடி மறந்தாச்சு.

ஜெ. இவருக்கு ஃபோன் செய்தாள். நான் அடுப்படியில். "ஆமாம்மா, எல்லாம் பாத்தாச்சு, நீ பயப்படாம வா." என்னை எதற்கும் பயப்படாதே என்று சொன்ன ஞாபகம் இல்லை. நான் எதற்கும் பயப்படுவதாகக் காட்டிக்கொண்டதும் இல்லை, அது வேறு.

இவர் அவளுடையதை ஆணியிலிருந்து எடுத்து, சிலிண்டரில் மாட்டுகிற முனைக்கு மூடி போட்டுப் பையில் வைத்தார். ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கவில்லை.

செப். 12, வெள்ளி

விடிந்ததும் இவர் குளிக்கப் போனார். பை கூடத்தில். ஜெ.யின் ரெகுலேட்டரை எடுத்தேன். இவர் வாய் வைத்த இடத்தில் நானும் வைத்துப் பார்க்கலாமென்று. அவ்வளவுதான் என் எண்ணம், இங்கே மறைக்க ஒன்றுமில்லை. ரப்பர் வாசனை. உறிஞ்சினேன்.

காற்று வந்தது.

இன்னொரு தடவை. வந்தது. மெல்லியதாக, ஆனால் வந்தது.

கரையில் குமிழி மட்டும்தான் பார்ப்பார்கள், வாய் வைத்துப் பார்ப்பது வீட்டோடு சரி. சொன்னால், இதை ஏன் வாயில் வைத்தாய் என்பார். சொல்லாவிட்டால் அந்தக் கலங்கல் தண்ணீரில், மதகுக்கு அடியில், அவள் வாய்க்குள் ஏரி. ஐயம்பேட்டையில் அவளுக்கும் ஒரு அம்மா இருப்பாள். ஈரத்தலையோடு வந்தவரிடம் சொல்லிவிட்டேன்.

இவரும் உறிஞ்சிப் பார்த்தார். முகம் மாறியது. மூச்சு வெளியே போகிற பக்கத்தில் மெல்லிய ரப்பர் வில்லை ஒன்று. அதை நகத்தால் தூக்கினார். அடியில் ஓர் இழை. அரக்குப் பட்டு. என் தறியுடையது.

"இத தறியாண்ட யாரு மாட்டுனது?"

"நான்தான்."

"ஏன்?"

"நீங்க அவளுத வாயில வெக்கிறது எனக்குப் புடிக்கல."

சொல்லியே விட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், இல்லை சிரிப்பார் என்று. இரண்டும் இல்லை. இழையை எடுத்துப் போட்டு, கழுவி, வில்லையைச் சரியாக உட்கார வைத்தார். மூடியைப் போட்டு என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நீயே பாரு."

உறிஞ்சினேன். காற்று இல்லை. உதடு ரப்பரோடு ஒட்டிக்கொண்டது.

என் வாயிலிருந்து வாங்கித் தன் வாயில் வைத்து அவரும் ஒரு தடவை பார்த்தார். துடைக்கவில்லை. கழுவவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் வந்தார். கல் எடுத்தாயிற்று, கதவு மூடுகிறது. ஜெ. வாய்க்குள் ஒரு சொட்டு போகவில்லையாம். அவள் எப்போதும் தண்ணீரில் இறங்குமுன் மருந்துத் தண்ணீரில் இரண்டு தடவை கழுவிவிட்டுத்தான் வாயில் வைப்பாளாம். கழுவட்டும். நன்றாகக் கழுவட்டும்.

குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் டம்ளரில் கொடுத்தேன். வழக்கம்போல அண்ணாந்து.

அடுத்து எப்போது கசிவு பார்க்கணும் என்று கேட்டேன்.