பெட்டியை விற்கச் சொன்ன முதலாளி

பெரியவனின் அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மறைக்காமல் எழுது.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. குமிழைத் திருகி விதவிதமான சத்தம் எழுப்பி நான் வாசிக்கும் சிந்தசைசர் பெட்டியை விற்றுவிட்டு, எல்லாச் சத்தத்தையும் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று ஸ்டூடியோ முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். பெட்டி போனால் என் வேலையும் போய்விடும். முடியாது என்றேன். கண்ணை மூடச் சொல்லி இரண்டு சத்தத்தையும் கேட்கவைத்தார். கணினியின் சத்தத்தைத்தான் என் பெட்டி என்று சொல்லிவிட்டேன்.

"என்ன பெருசு, இப்பவாவது ஒத்துக்கிறீங்களா?" என்று சிரித்தார்.

"காதுக்கு ரெண்டும் ஒண்ணுதான். கைக்கு ஒண்ணு இல்ல. பாட வந்திருக்கிற அம்மாவைப் பாடச் சொல்லுங்க, ஆளுக்கொரு தடவை வாசிப்போம்" என்றேன்.

முதலில் நான் பெட்டியில் வாசித்தேன். பாதிப் பாட்டில் அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த நொடியே குமிழைத் திருகிச் சத்தத்தைத் தணித்து, அவர் குரலைத் தாங்கிக்கொண்டேன். அடுத்து முதலாளி கணினியில் வாசித்தார். அந்த அம்மாவுக்கு மறுபடி மூச்சு வாங்கியபோது, அவர் மவுஸை நகர்த்துவதற்குள் பாட்டு தாண்டிப் போய்விட்டது.

"எனக்கு இவர்தான் வாசிக்கணும்" என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். யாரிடமும் போய்க் கற்காத கை இது! என் பெட்டியைப் பழைய இரும்பு என்று கேலி செய்த உன் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டு.

பெட்டியில் தூசி படியாமல் இருக்க ஓர் உறை வேண்டும். புதுத்துணி வாங்காதே. நீ கட்டிய சேலை ஒன்றைத் துவைக்காமல் அப்படியே தைத்து அனுப்பு.

கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் வீட்டுக்காரன்