பலகடெ சவுண்டு

ஜூன் 3, செவ்வாய்

இன்றும் வண்டி கரகரத்தது. அக்ரஹாரம் சர்க்கிளைச் சுற்றும்போது, கல்லை அரைப்பது போல. அப்பா எஃப்எம் சத்தத்தைக் கூட்டினார். கூட்டினால் சரியாகிவிடுமா?

ஊதுபத்தி கம்பெனியில் நான் இறங்கியதும் நான் உட்கார்ந்திருந்த முன் சீட்டில் லீலா அக்கா ஏறிக்கொண்டார். பின்னால் ஏழு பேர். அப்பா தினமும் நஞ்சன்கூடு கார்மெண்ட்ஸுக்குக் கொண்டுபோய் விடுகிறவர்கள். ஹைவேயில் எல்லாரும் தூங்கிக்கொண்டே போவார்களாம்.

ஜூன் 5, வியாழன்

மெக்கானிக் உமேஷின் ஷெட்டுக்குப் போனோம். இருபது வருடமாக மைசூரில் இருந்தும் அப்பாவின் கன்னடத்தில் வினைச்சொல் கிடையாது. பொருளின் பெயரைச் சொல்லிக் கையை ஆட்டுவார். இன்று சொன்னது இரண்டே வார்த்தை: "பலகடெ சவுண்டு."

பலகடெ என்றால் வலது பக்கம். உமேஷ் நேராக வலது முன் சக்கரத்துக்கு ஜாக்கி போட்டார். ஒருமுறை ஓட்டிப் பார்த்தாரா? இல்லை. பேரிங் போய்விட்டது என்று சொல்லிப் புதிதாகப் போட்டார்.

சத்தம் என் பக்கத்திலிருந்து, இடது பக்கத்திலிருந்து வருகிறது. எனக்குத் தெரியும். பழைய டயர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன். கன்னடத்தில் சொல்ல வேண்டிய வாக்கியம் முழுசாக மனசில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

பொண்ணு என்ன படிக்கிறது என்று உமேஷ் கேட்டார். "ஒம்போதாவதோட நின்னுருச்சு" என்றார் அப்பா. இதற்கு மட்டும் வினைச்சொல் வந்துவிட்டது.

ஜூன் 6, வெள்ளி

அதே சத்தம். கொஞ்சம்கூடக் குறையவில்லை.

நன்றாகக் கவனித்தேன். வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் சத்தம் இல்லை. ஓடும்போது, அதுவும் வலது பக்கம் வளைந்தால்தான் வருகிறது. இடது பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது. பிரேக் போட்டாலும் மாறவில்லை. என் செருப்புக்கு அடியில் தரை அதிர்கிறது.

வலது பக்கம் வளையும்போது நான் கதவுப் பக்கம் சாய்கிறேன். வண்டியும் அப்படித்தானே சாயும்? பாரமெல்லாம் என் பக்கத்துச் சக்கரத்தின் மேல் விழும். அப்படியென்றால் கெட்டுப்போனது அந்தச் சக்கரம்.

அப்பாவிடம் சொன்னேன். எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"உமேசு சின்ன வயசுலிருந்து இரும்புல கெடக்கறவன் அம்மிணி. நீ பத்தி உருட்டறவ."

ஆமா, உருட்டறேன். அதனால காது அவிஞ்சு போச்சா?

ஜூன் 7, சனி

உமேஷ் இப்போது ஸ்டீயரிங் பாக்ஸ் போய்விட்டது என்கிறார். முழுசாக மாற்ற வேண்டுமாம். திங்கட்கிழமை வண்டியை ஷெட்டில் விட வேண்டுமாம். அதுவரை மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாதாம். யாருக்கு ஒன்றும் ஆகாது? அவர் அதில் ஏறுகிறாரா?

லீலா அக்கா என் சீட்டில் உட்கார்ந்து, "என்ன குழலி, உங்க வண்டி காலுக்கு மசாஜ் எல்லாம் பண்ணுது, தனியா காசு கேப்பாரா உங்கப்பா?" என்றார். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். இறங்குங்கக்கா என்று சொல்ல நினைத்தேன். நானும் சிரித்தேன். சீ.

சாயங்காலம் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலிலேயே நின்றேன்.

ஜூன் 8, ஞாயிறு

யாரோடும் பேசவில்லை. யாரும் கவனிக்கவுமில்லை. நான் பேசாமல் இருப்பது புதிதில்லையே.

ஜூன் 9, திங்கள்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஊதுபத்தி அட்டையின் பின்பக்கம் கன்னடத்தில் எழுதிக் கொண்டுபோனேன். வலது பக்கம் திருப்பும்போது இடது சக்கரத்தில் சத்தம், தூக்கிச் சுற்றிப் பாருங்கள் என்று. உமேஷ் அதற்குள் ஸ்டீயரிங்குக்குக் கீழே படுத்துவிட்டார். அட்டையை நீட்டினேன். உரக்கப் படித்தார். உங்கப்பாவே பலகடெ என்றுதானே சொன்னார் என்று சிரித்தார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். "நீங்க என்னப்பா சொன்னீங்க?"

"பலகடென்னேன். பலகடெ திருப்புனாத்தான சத்தம் வருது?"

"திருப்புனான்னு சொன்னீங்களா?"

  என் குரல் ஷெட் முழுக்கக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் பங்க்சர் போடுகிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

உமேஷ் ஜாக்கியை இடது பக்கம் தள்ளினார். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினார். கரகர. மேலே ஸ்பிரிங்கில் கை வைத்தேன், உள்ளுக்குள் யாரோ பல்லைக் கடிப்பது போல இருந்தது. பேரிங்கைக் கழற்றினால் கிரீஸ் காய்ந்து, குண்டுகளெல்லாம் அரித்துப் போயிருந்தன. இன்னும் ஒரு வாரம் ஓடியிருந்தால் சக்கரமே இருக்காது என்று அவர்தான் சொன்னார். சனிக்கிழமை ஒன்றும் ஆகாது என்ற அதே வாய்.

பிறகு அப்பாவிடம், நீங்கள் சரியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்றார். கண்டுபிடித்தது நான் என்று ஒரு வார்த்தை இல்லை. என் அட்டையில கைய தொடச்சான். கறுப்பு கிரீஸ், நான் எழுதுனது மேலேயே. அப்பாவும் பாத்துக்கிட்டுத்தான் நின்னாரு.

ஜூன் 10, செவ்வாய்

சத்தம் இல்லை. அப்பா எஃப்எம்மை நிறுத்தியிருந்தார். அக்ரஹாரம் சர்க்கிளை ஒரு சுற்று சுற்றினார். கம்பெனிப் பக்கம் திரும்பாமல் இன்னொரு சுற்றும் போனார்.  எனக்குக் கோபம் போகவில்லை.

லீலா அக்காவுக்கு மசாஜ் நின்றுபோனதில் வருத்தமாம்.

ஜூலை 17, வியாழன்

காலையில் பிரேக் போட்டால் கீச்சென்றது. பின்பக்கம். நான் சொல்வதற்கு முன்பே அப்பா, "எந்தப் பக்கம்?" என்றார். சொன்னேன்.

உமேஷ் ஷெட் வாசலில் வண்டியை நிறுத்தினார். உமேஷ் கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் ஜன்னலுக்கு வந்து என்ன சமாச்சாரம் என்று கேட்டார். அப்பா ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. என் பக்கம் தலையை ஆட்டினார்.

நான் இறங்கினேன்.